ஹீத்கிளிஃப் ஏன் அப்படி ஆனான்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம் என்று தமிழும் மலையாளமும் ஒரே டீக்கடை பெஞ்சில் உட்காரும் ஊர்கள் எங்களுடையவை. இங்கே வாயனசாலையில் (நூலகத்தில்) மாதத்துக்கு ஒரு நாவல் பேசுகிறோம். எமிலி பிராண்ட்டே 1847இல் வெளியிட்ட 'வுதரிங் ஹைட்ஸ்' நாவலை எடுத்ததிலிருந்து கேள்விகள் ஓயவில்லை, அதிலும் முக்கால்வாசி ஹீத்கிளிஃப் என்கிற ஒரே ஆளைப் பற்றி. திரும்பத் திரும்ப வந்தவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். முடிவு உட்பட எல்லாவற்றையும் சொல்லிவிடுவேன்; நாவலை முதலில் படிக்க நினைப்பவர்கள் படித்துவிட்டு வாருங்கள்.

நான் இன்னும் படிக்கவில்லை. கதைதான் என்ன?

இங்கிலாந்தின் யார்க்ஷயர் மேட்டு நிலத்தில் காற்றடிக்கும் ஒரு பண்ணை வீடு. பெயர் வுதரிங் ஹைட்ஸ். அந்த வீட்டுப் பெரியவர் ஏர்ன்ஷா, லிவர்பூல் தெருவில் அநாதையாகத் திரிந்த ஒரு பையனைக் கொண்டுவந்து ஹீத்கிளிஃப் என்று பெயர் வைத்து வளர்க்கிறார். மகள் கேத்தரின் அவனோடு உயிராகிறாள். மகன் ஹிண்ட்லி அவனை வெறுக்கிறான். பெரியவர் இறந்ததும் ஹிண்ட்லி அவனை வேலைக்காரனாக்குகிறான். கேத்தரின் பக்கத்துப் பணக்கார வீட்டு எட்கர் லின்டனைக் கட்டிக்கொள்ள முடிவு செய்கிறாள். ஹீத்கிளிஃப் ஓடிப்போகிறான். மூன்று வருடம் கழித்துப் பணத்தோடு திரும்பி வந்து இரண்டு குடும்பங்களையும் ஒவ்வொன்றாகக் கைக்குள் கொண்டுவருகிறான். பிறகு அவர்களுடைய பிள்ளைகள். கதையை நமக்குச் சொல்பவள் நெல்லி டீன் என்கிற வேலைக்காரி. இந்தக் கடைசித் தகவலைப் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வேண்டியிருக்கும்.

அவன் உண்மையில் எந்த ஊர், எந்த இனம்?

நாவல் சொல்லவில்லை. கறுத்த நிறம், கறுத்த முடி. ஒருவர் நாடோடி என்கிறார். லின்டன் வீட்டுப் பெரியவர் 'லாஸ்கரா' என்று சந்தேகப்படுகிறார், அதாவது ஐரோப்பியக் கப்பல்களில் வேலை செய்த நம் பக்கத்து மாலுமியா என்று. அவனைத் தேற்ற நெல்லியே ஒருமுறை, உன் அப்பா சீனச் சக்கரவர்த்தியாகவும் அம்மா இந்திய ராணியாகவும் இருக்கலாம், யார் கண்டது என்கிறாள். லிவர்பூல் அக்காலத்தில் அடிமை வியாபாரக் கப்பல்கள் கிளம்பும் பெரிய துறைமுகம் என்பதால் அந்தத் திசையிலும் வாசிக்கிறார்கள். எதுவானாலும், வந்திறங்கிய ராத்திரி அவன் பேசியது அந்த வீட்டில் ஒருவருக்கும் புரியவில்லை. இது மட்டும் பிரதியில் தெளிவாக இருக்கிறது.

வீட்டில் எல்லோருமா வெறுத்தார்கள்? பெரியவர் பாசமாகத்தானே இருந்தார்?

இருந்தார். சிக்கலே அங்கிருந்துதான் தொடங்குகிறது.

முதல் ராத்திரியைப் பாருங்கள். பெரியவர் லிவர்பூலுக்குப் போகவர அறுபது அறுபது மைல் நடந்திருக்கிறார். ஹிண்ட்லி ஃபிடில் கேட்டிருந்தான். அது பையனைத் தூக்கிவந்த கோட்டுக்குள் நசுங்கிக் கிடக்கிறது. கேத்தரின் கேட்ட சாட்டை வழியில் தொலைந்துவிட்டது. பதினாலு வயதுப் பையன் வாய்விட்டு அழுகிறான். ஆறு வயதுகூட நிரம்பாத கேத்தரின் வந்தவன் மேல் காறித் துப்புகிறாள். அம்மா அவனை வெளியே தள்ளத் தயாராக இருக்கிறாள். பிள்ளைகள் தங்கள் கட்டிலில், ஏன், அறையிலேயே அவனைச் சேர்க்கவில்லை. நெல்லி என்ன செய்தாள்? விடிவதற்குள் எங்காவது போய்த் தொலைவான் என்ற நினைப்பில் மாடிப்படித் திருப்பத்தில் விட்டுவிட்டுப் படுத்துவிட்டாள். அவன் இருட்டில் தடவித் தடவிப் பெரியவரின் அறைக் கதவு வரை போயிருக்கிறான். காலையில் அவர் கண்டுபிடித்து நெல்லியை வீட்டை விட்டே அனுப்புகிறார். சில நாள் கழித்துத்தான் அவள் திரும்பி வருகிறாள்.

அவனுக்கு வைத்த பெயரும் சிறு வயதில் செத்துப்போன அந்த வீட்டு மகன் ஒருவனுடையது. முதற்பெயரும் குடும்பப்பெயரும் அது ஒன்றேதான். ஏர்ன்ஷா என்ற பெயர் அவனுக்குக் கிடைக்கவில்லை. மகன் என்றும் சொல்லவில்லை, வேலைக்காரன் என்றும் சொல்லவில்லை. பெரியவர் கண்மூடும் வரை அவருடைய செல்லத்தில் வளர்ந்தவன், அவர் கண்மூடிய மறுநாளே ஒன்றுமில்லாதவனாகிறான். ஒருவர் தயவில் மட்டும் நிற்கிற பிள்ளையின் நிலை இதுதான். அன்பு கிடைக்கவில்லை என்று ஒரே வரியில் முடித்துவிட்டால் இதை எல்லாம் தவறவிடுவோம்.

டீச்சர், நான் நாலாம் வகுப்பு வரை தமிழ் மீடியம், பிறகு மலையாளப் பள்ளி. 'பாண்டி' (தமிழனுக்குக் கேலிப் பெயர்) என்று கூப்பிட்டார்கள். ஹீத்கிளிஃப் என்ன அக்கிரமம் செய்தாலும் எனக்கு அவன் மேல் கோபமே வரவில்லை. இது தப்பா?

தப்பில்லை. உங்கள் கோபத்தைத் தடுப்பது அவனுடைய சிறுவயது அத்தியாயங்கள். எல்லையில் வளர்ந்த பலருக்கும் இப்படித்தான்: பள்ளிக்கூடத்தில் பாண்டி, கோயமுத்தூரில் சித்தி வீட்டுக்குப் போனால் மலையாளத்தான். இரண்டு பக்கமும் சிரித்துக்கொண்டேதான் சொல்வார்கள். வாசலில் நிற்கிற பையனை நாவல் காட்டியதுமே அவனோடு போய் நின்றுகொள்கிறோம்.

ஆனால் ஏழாம் அத்தியாயத்தை மறுபடி படித்துவிட்டு வாருங்கள். லின்டன் வீட்டில் ஐந்து வாரம் இருந்து சீமாட்டி மாதிரி திரும்பிய கேத்தரின், அவன் அழுக்காக இருப்பதைப் பார்த்துச் சிரிக்கிறாள். மறுநாள் கிறிஸ்துமஸ். அவன் நெல்லியிடம் வந்து, என்னைச் சுத்தமாக்கிவிடு, இனி நல்லவனாக இருக்கப்போகிறேன் என்கிறான். அவள் முகம் கழுவி, தலை வாரி, உடுத்திவிடுகிறாள். கதவைத் திறந்து உள்ளே வந்தவுடன் ஹிண்ட்லி பிடித்துத் தள்ளுகிறான். எட்கர் அவன் தலைமுடியைக் குதிரைக்குட்டியின் பிடரியோடு ஒப்பிட்டுக் கேலி செய்கிறான். சூடான ஆப்பிள் சாஸ் எட்கர் முகத்தில் விழுகிறது. அடி, மச்சு அறை, பட்டினி.

அன்று இரவு அடுப்பருகே உட்கார்ந்து, ஹிண்ட்லிக்கு எப்படித் திருப்பிக் கொடுப்பது என்று யோசிக்கிறேன், எத்தனை நாள் காத்திருந்தாலும் பரவாயில்லை என்கிறான். கூடவே இன்னொன்றும் சொல்கிறான்: அதை நினைத்துக்கொண்டிருக்கும்போது வலி தெரிவதில்லை. நாவல் முழுவதிலும் அவனைப் பற்றிய மிகச் சரியான நோய்க்குறிப்பு இதுதான் என்பது என் கருத்து. அவன் வாயாலேயே வருகிறது. பழி அவனுக்கு முதலில் வலி மருந்து. பிறகு பழக்கமாகிவிட்டது.

உங்களுக்கும் அவனுக்கும் உள்ள வித்தியாசம் எது என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும். நீங்கள் மலையாளத்தில் கவிதை எழுதுகிறீர்கள் என்று கேள்விப்பட்டேன்.

ஹிண்ட்லிதானே அசல் வில்லன்?

அவனுக்காகவும் ஒரு வார்த்தை பேச வேண்டும். ஒரு நாள் அப்பா யாரோ ஒரு பையனைத் தூக்கிவந்து, அன்றிலிருந்து அவனையே மடியில் வைத்துக்கொண்டால் பதினாலு வயதுப் பிள்ளைக்கு என்ன ஆகும்? குயில் அடுத்த பறவையின் கூட்டில் முட்டையிடும் கதையை நெல்லி ஹீத்கிளிஃப் விஷயத்தில் சொல்வது ஹிண்ட்லியின் பக்கத்து நியாயம். குதிரைக் குட்டிகள் விஷயத்திலும் அப்படியே. தன் குட்டி நொண்டியதும், மாற்றிக் கொடு, இல்லாவிட்டால் நீ அடித்ததை அப்பாவிடம் காட்டுவேன் என்று ஹீத்கிளிஃப் மிரட்டிக் காரியம் சாதிக்கிறான். அந்தப் பிள்ளை ஒன்றும் தெரியாத பூச்சியல்ல. ஹிண்ட்லி எறிந்த இரும்பு எடைக்கல் அவன் நெஞ்சில் விழுந்ததும் உண்மைதான்.

அப்பாவிடம் தோற்றவன் பிறகு மனைவியையும் பறிகொடுத்துக் குடியில் விழுகிறான். அதற்காக அவன் செய்தது சரியாகிவிடாது.

கேத்தரின் சொன்னதைப் பாதியில் கேட்டுவிட்டுப் போனான். முழுவதும் கேட்டிருந்தால் கதை மாறியிருக்குமா?

அதிகம் வந்த கேள்வி இது. ஒன்பதாம் அத்தியாயம். கேத்தரின் அடுக்களையில் தரையில் உட்கார்ந்து நெல்லியிடம் மனம் திறக்கிறாள். ஹீத்கிளிஃப் உயர்ந்த முதுகுள்ள இருக்கைக்குப் பின்னால் ஒரு பெஞ்சில் படுத்திருப்பது அவளுக்குத் தெரியாது. இப்போது அவனைக் கட்டிக்கொண்டால் எனக்கு மரியாதை குறைவு என்கிறாள். அவன் சத்தமில்லாமல் எழுந்து வெளியேறுகிறான். அவன் என்னைவிட நானாக இருக்கிறான், நானே ஹீத்கிளிஃப் என்றெல்லாம் அவள் சொல்வது அதற்குப் பிறகு.

அவன் எழுந்து போவதை நெல்லி பார்த்தாள். பார்த்தவள் என்ன சொன்னாள்? வேலைக்காரன் ஜோசப்பின் வண்டிச் சத்தம் கேட்கிறது, மெதுவாகப் பேசு என்றாள். அவன் கேட்டுவிட்டான் என்ற விஷயம் பிறகு ஆற அமரத்தான் அவள் வாயிலிருந்து வருகிறது. அதற்குள் ஆள் போயாயிற்று. மாடிப்படியில் விட்டவளும் இவளேதான். அவனைப் பற்றி நமக்குத் தெரிந்த பெரும்பகுதி இவள் சொன்னது. ஒதுக்கப்பட்டவனின் கதையை ஒதுக்கியவர்களில் ஒருத்தி சொல்கிறாள். அவள் பொல்லாதவளும் அல்ல. அம்மை போட்டபோது ராப்பகலாகப் பார்த்துக்கொண்டதும் அவளே. எமிலி பிராண்ட்டேயின் கெட்டிக்காரத்தனத்துக்கு இது ஒன்று போதும்.

முழுவதும் கேட்டிருந்தால் என்ற கேள்விக்கு என் பதில்: அன்றைக்குப் போயிருக்க மாட்டான். ஆனால் அவள் எட்கரைத்தான் கட்டியிருப்பாள். அந்தப் பேச்சின் இரண்டாம் பாதியும் கல்யாணத்தைக் கைவிடுகிற பேச்சு இல்லை, எட்கரின் பணத்தில் ஹீத்கிளிஃபை உயர்த்தலாம் என்கிற கணக்கு. அதைக் கேட்டுக்கொண்டு அவன் சும்மா இருந்திருப்பானா?

சின்ன வயதில் பட்டதற்காக அவனை மன்னித்துவிடலாமா?

யாருக்குத் திருப்பிக் கொடுத்தான் என்று ஒரு கணக்குப் போடுங்கள். ஹிண்ட்லியைச் சூதாட்டத்தில் மூழ்கடித்துச் சொத்தை அடமானமாக எழுதி வாங்கினான். சரி, பட்ட கடன் என்று வைத்துக்கொள்வோம். எட்கரின் தங்கை இசபெல்லா அவனுக்கு என்ன செய்தாள்? ஆசைப்பட்டாள், அவ்வளவுதான். அவளைக் கட்டிக்கொண்டு சித்திரவதை செய்தான். தன் சொந்த மகன், நோஞ்சான் பிள்ளை, அவனைத் தூண்டிலில் புழுவாகக் கோத்தான். கேத்தரினின் மகளை அறையில் பூட்டி வைத்து அந்த மகனுக்குக் கல்யாணம் முடித்தான், அதுவும் அவளுடைய அப்பா சாகக் கிடக்கும்போது.

இதற்கான விளக்கத்தைப் பதினொன்றாம் அத்தியாயத்தில் அவனே தருகிறான். கொடுங்கோலன் அடிமைகளை நசுக்கினால் அவர்கள் அவன் மேல் பாய்வதில்லை, தங்களுக்குக் கீழே இருப்பவர்களை நசுக்குகிறார்கள் என்று கேத்தரினிடம் சொல்கிறான். தெரிந்தே செய்கிறவன். காரணம் புரிகிறது; புரிந்ததால் இசபெல்லாவின் காயம் ஆறிவிடாது.

அப்படிப் பட்டவன் இப்படித்தான் ஆவான் என்று நாவல் சொல்கிறதா?

சொல்லவில்லை. ஹேர்ட்டன் என்று ஒருவன் இருக்கிறானே, அவனை எல்லோரும் மறந்துவிடுகிறீர்கள். எனக்கு ஹீத்கிளிஃபைவிட முக்கியமானவன் அவன்தான்.

ஹேர்ட்டன் ஹிண்ட்லியின் மகன். ஹிண்ட்லி இறந்ததும், சவ ஊர்வலம் கிளம்பும் முன் ஹீத்கிளிஃப் அந்த ஆறு வயதுப் பையனைத் தூக்கி மேசை மேல் நிறுத்துகிறான். இனி நீ என்னுடையவன்; ஒரு மரத்தை முறுக்கிய அதே காற்று அடித்தால் இன்னொரு மரமும் அப்படியே கோணலாக வளர்கிறதா என்று பார்ப்போம் என்கிறான். ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காற்று வெட்டவெளியில் நிற்கும் மரத்தை என்ன செய்யும் என்பது நமக்குத் தெரியும், அதனால் இந்த வரி நம் ஊரில் சட்டென்று பிடிபடும். அதற்கடுத்த வரியைத்தான் ஆட்கள் தாண்டிப் போய்விடுகிறார்கள். பையனுக்கு ஒன்றும் புரியவில்லை. சந்தோஷமாக ஹீத்கிளிஃபின் மீசை தாடியைப் பிடித்து விளையாடி, கன்னத்தைத் தடவிக்கொடுக்கிறான்.

சோதனை நடக்கிறது. படிப்புக் கிடையாது. பாடம் சொல்லித்தர வந்த பாதிரியாரை உள்ளே விடவில்லை. பண்ணை வேலை, கெட்ட வார்த்தை, கூலி கிடையாது. வீட்டு வாசலின் மேலே 1500 என்ற வருடமும் 'ஹேர்ட்டன் ஏர்ன்ஷா' என்ற மூதாதையின் பெயரும் செதுக்கியிருக்கிறது. அது அவன் பெயரும்தான். அவனால் படிக்க முடியாது. வாலிப வயதில் எப்படியோ எழுத்துக்கூட்டிக் கற்று, கேத்தரின் மகள் இளைய கேத்தியிடம், இப்போது எனக்கு அதைப் படிக்க வரும் என்று பெருமையாகச் சொல்கிறான். சரி, அந்த எண்? என்கிறாள் அவள். அது இன்னும் தெரியாது. அவள் விழுந்து விழுந்து சிரிக்கிறாள். ஹீத்கிளிஃபுக்குக் கிடைத்த அதே அடி, அதே இடத்தில்.

ஆனால் மரம் கோணவில்லை. முரடன்தான், கையும் நீளும். ஆனால் ஒருவரைத் திட்டம் போட்டு அழிக்கிற புத்தி அவனுக்கு வரவே இல்லை. கடைசியில் அந்தக் கேத்தியே மன்னிப்புக் கேட்டு, ஒரு புத்தகத்தை அழகாகப் பொதிந்து கொடுத்து, சொல்லித் தருகிறேன் என்கிறாள். அவன் படிக்கிறான்.

ஏன் இந்த வித்தியாசம்? பிறவிக் குணம் என்று சொல்லி நழுவ எனக்கு விருப்பமில்லை, ஏனென்றால் பிரதியிலேயே வேறு காரணங்கள் கிடக்கின்றன. ஹேர்ட்டன் பிறந்த சில மாதங்களிலேயே அவன் அம்மா போய்விட்டாள். ஆனால் கிட்டத்தட்ட ஐந்து வயது வரை நெல்லி அவனைத் தன் பிள்ளை மாதிரி வளர்த்தாள், எழுத்துச் சொல்லித்தரக்கூடத் தொடங்கியிருந்தாள். ஹீத்கிளிஃபின் முதல் ஆறேழு வருடம் லிவர்பூல் தெருவில். அங்கே யார் இருந்தார்கள், இருந்தார்களா என்பதே தெரியாது. ஹேர்ட்டனை ஹீத்கிளிஃப் அடித்து நொறுக்கவும் இல்லை. கீழே அழுத்தி வைத்தானே தவிர அவன் உடம்பைத் தொடவில்லை. இன்னொன்று, நேசிக்க ஹேர்ட்டனுக்கு ஓர் ஆள் இருந்தான். தவறான ஆள். தன்னைக் கெடுத்தவனையே அப்பாவாக நினைத்து நேசித்தான். அவன் என்மேல் உயிரையே வைத்திருக்கிறான் என்று ஹீத்கிளிஃப் இதைச் சொல்லிப் பெருமையடிக்கிற இடம் இருபத்தொன்றாம் அத்தியாயம்.

ஒன்று சொல்லாமல் விடக்கூடாது. குடிபோதையில் ஹிண்ட்லி மாடியிலிருந்து குழந்தை ஹேர்ட்டனைத் தவறவிட்டபோது, கீழே வந்துகொண்டிருந்த ஹீத்கிளிஃபின் கை தன்னையறியாமல் பிடித்துவிட்டது. யாருடைய பிள்ளை என்று தெரிந்ததும், பழிதீர்க்கக் கிடைத்த வாய்ப்பைத் தானே கெடுத்துக்கொண்டோமே என்ற வேதனை அவன் முகத்தில் வருகிறது. கை ஒருவனுடையது, முகம் இன்னொருவனுடையது போல.

மலையாளத்தில் 'நாலுகெட்டு' படித்தவர்களுக்கு இது அப்புண்ணி கதை மாதிரியே இருக்கிறதே?

எம்.டி. வாசுதேவன் நாயரின் 'நாலுகெட்டு' நாவல் 1958. நாலுகெட்டு என்றால் நடுவில் முற்றம் வைத்த பழைய பெரிய வீடு. நம் ஊர்ப் பிள்ளைகளில் பலர் முதலில் அதைத்தான் படிக்கிறார்கள், எனவே ஒப்பிடுவது இயல்பு. அப்புண்ணியின் அம்மா தறவாட்டை (தாய்வழிக் கூட்டுக் குடும்பத்தை) மீறித் தனக்குப் பிடித்தவனோடு போனவள். அப்பா செத்துவிட்டார், விஷம் வைத்தார்கள் என்று பேச்சு. பையன் சர்ப்பம் துள்ளல் என்ற நாகச் சடங்கைப் பார்க்கும் ஆசையில் அந்தப் பெரிய வீட்டுக்குப் போகிறான், வீட்டை ஆளும் பெரிய மாமா, வலியம்மாமா, விரட்டியடிக்கிறார். வளர்ந்து, வயநாட்டுத் தோட்டத்தில் வேலை பார்த்துச் சம்பாதித்து வந்து, விரட்டிய வீட்டையே விலைக்கு வாங்குகிறான்.

அது வரைக்கும் ஹீத்கிளிஃபின் பாதைதான். வாங்கிய பிறகுதான் பிரிகிறார்கள். அப்புண்ணி தான் ஒதுக்கிவைத்திருந்த அம்மாவையும், அவளோடு சேர்த்துப் பேசப்பட்ட சங்கரன் நாயரையும் கூட்டிவருகிறான். இருட்டாக இருக்கிறதே என்று அம்மா பயப்பட, இந்த நாலுகெட்டை இடிக்க ஏற்பாடு செய்யணும், காற்றும் வெளிச்சமும் வருகிற சின்ன வீடு போதும் என்கிறான். ஹீத்கிளிஃப் அந்த வீட்டின் ஜன்னலைக்கூட மாற்றவில்லை. பிடித்த வீட்டுக்குள் இன்னொரு ஹிண்ட்லியாக உட்கார்ந்துகொண்டான். வயநாட்டுக்குப் போக அப்புண்ணிக்குக் கைகொடுத்தது யார் என்றும் நினைத்துப் பாருங்கள்: அப்பாவைக் கொன்றதாகச் சொல்லப்படும் செய்தாலிக்குட்டி. பழிவாங்க வேண்டிய ஆளிடமிருந்து உதவி பெறுவதை எம்.டி. எழுத முடிந்தது. ஹீத்கிளிஃப் அதை ஏற்றிருக்கவே மாட்டான்.

கர்ணனோடு ஒப்பிடலாமா?

ஒப்பிடலாம், கொஞ்ச தூரம். பெற்றவள் ஆற்றில் விட்டாலும் ராதை வளர்த்தாள், சபையில் அவமானப்பட்ட அன்றே துரியோதனன் தோள் கொடுத்தான். அதனால் கர்ணனின் துயரம் நன்றிக்கடன் பக்கம் திரும்புகிறது. ஹீத்கிளிஃப் யாருக்கும் கடன்பட்டவனாகத் தன்னை நினைத்ததே இல்லை.

இதை உளவியல் நோய் என்று சொல்லலாமா?

பிரிட்டிஷ் மனநல மருத்துவர் ஜான் பவுல்பி திருட்டுப் பழக்கமுள்ள 44 சிறுவர்களைப் பற்றிய ஆய்வை 1944இல் வெளியிட்டார். சிறு வயதில் தாயைப் பிரிந்திருந்தது எவ்வளவு பெரிய விஷயம் என்று அதில் சொன்னார். படிக்க உதவும். ஆனால் எமிலி அதற்கு ஏறக்குறைய நூறு வருடம் முந்தியவர். கதாபாத்திரத்துக்குச் சீட்டு எழுதிக் கொடுப்பது எனக்குப் பிடிக்காத வேலை.

எமிலியின் சொந்த வாழ்க்கைதான் காரணமா?

மூன்று வயதில் அம்மாவை இழந்தவர். 1825இல் அக்காக்கள் இருவர் இறந்தார்கள். நாவல் வந்த மறு வருடமே, 1848 டிசம்பரில், 30 வயதில் அவரும் போய்விட்டார். இதற்கு மேல் ஊகித்துக் கதை கட்டுவதில் பயனில்லை.

படத்தில் ஹேர்ட்டனே வரவில்லையே?

1939 ஹாலிவுட் படம் இரண்டாம் தலைமுறையை முழுக்க வெட்டிவிட்டது. பாதி நாவலைப் பார்த்துவிட்டு காதல் காவியம் என்கிறார்கள்.

கடைசியில் பழியை ஏன் பாதியில் விட்டான்? திருந்திவிட்டானா?

திருந்தவில்லை. இரண்டு வீட்டையும் இடித்துத் தள்ளக் கருவியெல்லாம் கையில் வந்த பிறகு, கையை ஓங்கவே அவனுக்கு மனம் வரவில்லை. எனக்கு அழிப்பதில் ருசி போய்விட்டது என்கிறான். தாராள மனசு என்று நினைத்துவிடாதே என்று அவனே நெல்லியை எச்சரிக்கிறான். புத்தகத்திலிருந்து நிமிர்ந்த ஹேர்ட்டனுக்கும் இளைய கேத்திக்கும் ஒரே கண், கேத்தரினின் கண். ஹேர்ட்டனைப் பார்த்தால் தன் இளமையே எதிரில் நிற்பதுபோல் இருக்கிறது அவனுக்கு. அந்தப் பையனை இன்னும் அடித்தால் அடிபடுவது யார்?

பரீட்சையில் 'புறக்கணிப்பு ஹீத்கிளிஃபை எவ்வாறு உருவாக்குகிறது' என்று வந்தால் எப்படி எழுதுவது?

பட்ட கஷ்டங்களை வரிசையாக அடுக்காதீர்கள். எல்லோரும் அதைத்தான் எழுதுவார்கள். 4, 7, 9 ஆகிய மூன்று அத்தியாயங்களிலிருந்து ஆளுக்கொரு காட்சி போதும். பாதிப் பக்கத்தில் அதை முடித்துவிட்டு ஹேர்ட்டனுக்கு வாருங்கள், 17, 21, 24, 32. நெல்லி சொன்னதை அப்படியே உண்மை என்று எடுத்துக்கொள்ளாமல், சொல்வது யார் என்று ஒரு பத்தி எழுதுங்கள். 'நாலுகெட்டு'வைச் சேர்க்கலாமா என்று உங்கள் ஆசிரியரிடம் முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள், பாடத்திட்டத்துக்கு வெளியே போனால் சிலர் மார்க் போட மாட்டார்கள்.